அசர் ஷீட் ரிவ்யூ: படிப்ப விட்டுட்டு திரும்பி வர்ற பசங்களுக்கு இது எவ்ளோ தூரம் உதவும்

அசர் ஷீட்னா ஒரு பிள்ளைக்கு எந்த அளவுக்கு வாசிக்க வருது, கணக்கு வருதுனு பாக்கற டெஸ்ட் பேப்பர். விலை ஒண்ணும் இல்ல, ஜெராக்ஸ் எடுக்கற செலவு மட்டும்தான். ரெண்டு பேப்பர், ஒண்ணு வாசிக்கறதுக்கு, ஒண்ணு கணக்குக்கு. ஒரு பையன உக்கார வச்சு பாக்க பத்து நிமிஷம் ஆனா பெருசு. ஸ்கூல பாதில விட்டுட்டு திரும்பி வர்ற பசங்க படிப்புல முன்னாடி போறாங்களா இல்லையானு பாக்க நான் யூஸ் பண்ணதுலயே உருப்படியான சாமான் இதுதான், அதனாலதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

நான் இருக்கறது திருப்பூர். பனியன் கம்பெனில பிசிர் வெட்ட போன பிள்ளைங்க, அம்மாவுக்கு முடியலனு தம்பி தங்கச்சிய பாத்துக்க வீட்லயே நின்னுட்ட பிள்ளைங்க, கொரோனால ஸ்கூல் மூடுனப்ப மெக்கானிக் கடைக்கு போயி அப்படியே இருந்துட்ட பசங்க, இப்படி பல பேர் திரும்ப ஸ்கூல்ல சேந்து சாயங்காலம் எங்ககிட்ட வர்றாங்க. நானும் இன்னும் ரெண்டு மூணு பேரும் சேந்து நடத்தற மாலை வகுப்பு, போர்டு கூட கிடையாது. அதனால இது ஏதோ ஆபீஸ் ரிப்போர்ட் இல்ல, கையில வச்சு யூஸ் பண்ற ஆள் சொல்ற விஷயமா எடுத்துக்கோங்க.

மொதல்ல பிரச்சனை என்னனு சொல்லிடறேன், அப்பதான் இந்த ஷீட்டோட அருமை புரியும். கல்வி உரிமை சட்டம் 2009ல வந்து 2010 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கு. அதுல 4வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஸ்கூலுக்கே போகாத, இல்ல பாதில நின்ன பிள்ளைய அதோட வயசுக்கு ஏத்த வகுப்புல சேக்கணும், மத்த பிள்ளைங்களோட சமமா வர்றதுக்கு சிறப்பு பயிற்சியும் குடுக்கணும். ரொம்ப நல்ல சட்டம், பதிமூணு வயசு பையன மூணாம் வகுப்பு பொடிசுங்களோட உக்கார வச்சா ஒரு வாரம் கூட வரமாட்டான். ஆனா எட்டாம் வகுப்புல சேத்த பையன் கைல எட்டாம் வகுப்பு பரீட்சை பேப்பர்தான வரும். காலாண்டுல தமிழ் 9, கணக்கு 4. அரையாண்டுல தமிழ் 11, கணக்கு 3. இந்த மார்க்க பாத்து என்னங்க தெரிஞ்சுக்க முடியும்? அந்த மூணு மாசத்துல அவன் எழுத்தே தெரியாம இருந்தவன் ஒரு வாக்கியத்த தனியா படிக்கற அளவுக்கு வந்திருப்பான், அது எவ்ளோ பெரிய தூரம், அந்த பேப்பர்ல அதுக்கு ஒரு மார்க் கூட கிடையாது. வீட்ல அப்பா மார்க்க பாத்துட்டு "இவனுக்கு படிப்பு வராதுங்க மிஸ், கம்பெனிக்கே போகட்டும்"னு சொல்லிடறார். ஒரு தடவ நின்ன பிள்ள ரெண்டாவது தடவ நிக்கறது பெரும்பாலும் இந்த மார்க்க பாத்துதான், இத நான் கண்ணால பாக்கறேன்.

வருஷத்த மூணு பருவமா பிரிச்ச முப்பருவ முறை வந்தப்ப, 2012-13ல, வளரறி மதிப்பீடு (பருவத்துக்கு நடுவுல செய்யற ப்ராஜெக்ட், சின்ன டெஸ்ட்) 40, தொகுத்தறி மதிப்பீடு (பருவ கடைசி பரீட்சை) 60னு பிரிச்சாங்க. நோக்கம் சரிதான், ஆனா அந்த 40ம் அந்த வகுப்பு பாடத்த வச்சுதான். ப்ராஜெக்ட் சார்ட்ட அக்கா வரஞ்சு குடுத்தா மார்க் வந்துரும், பையன் வாசிக்கறானாங்கறது அதுல தெரியாது.

சரி, இப்ப ஷீட்டுக்கு வரேன். அசர்ங்கறது (ASER) பிரதம்ங்கற கல்வி தொண்டு நிறுவனம் 2005ல ஆரம்பிச்ச சர்வே, கிராமப்புறத்துல வீடு வீடா போயி பிள்ளைங்க வாசிக்கறாங்களா, கணக்கு போடறாங்களானு பாப்பாங்க. வருஷ ஆரம்பத்துல பேப்பர்ல "அஞ்சாம் வகுப்பு படிக்கறவங்கள்ல இத்தன சதவீதம் பேருக்கு ரெண்டாம் வகுப்பு பாடம் படிக்க தெரியல"னு நியூஸ் வரும் பாருங்க, அந்த சர்வேதான். அதுக்கு அவங்க யூஸ் பண்ற டெஸ்ட் பேப்பர தமிழ் உட்பட பல மொழில அவங்க வெப்சைட்லயே போட்டிருக்காங்க, யார் வேணா இறக்கிக்கலாம். சர்வேய பத்தி ஆசிரியர்கள் நடுவுல நிறைய சண்ட இருக்கு, அதுக்குள்ள நான் போகல. சர்வே வேற, அந்த கருவி வேற. நான் பேசறது கருவிய பத்தி மட்டும்.

வாசிப்பு பேப்பர்ல நாலே விஷயம். தனி எழுத்துகள், சின்ன சின்ன வார்த்தைகள், ஒண்ணாம் வகுப்பு அளவுல நாலு வரி பத்தி, ரெண்டாம் வகுப்பு அளவுல ஒரு குட்டி கதை. இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் எங்க இருந்து ஆரம்பிக்கறதுங்கறதுதான். எழுத்துல இருந்து ஆரம்பிக்கக்கூடாது, பத்திய மொதல்ல காட்டணும். அத சரளமா படிச்சா கதைக்கு போகணும், திணறுனா வார்த்தைக்கு எறங்கணும், வார்த்தையும் வரலன்னா எழுத்துக்கு. வார்த்தை, எழுத்து ரெண்டுலயும் அஞ்சு கேட்டு நாலு சரியா சொன்னா அந்த நிலை ஓகே. பத்தில மூணு தப்புக்கு மேல போனாலோ, வாக்கியமா இல்லாம ஒவ்வொரு வார்த்தையா எழுத்துக்கூட்டி நிறுத்தி நிறுத்தி படிச்சாலோ பத்தி நிலை இல்லனு அர்த்தம். கடைசில அந்த பிள்ளையால வசதியா படிக்க முடிஞ்ச உச்ச நிலை எதுவோ அத எழுதிக்கணும். மார்க் கிடையாது, பாஸ் ஃபெயில் கிடையாது.

பதினாலு வயசு பொண்ணுகிட்ட மொதல் நாளே "இது என்ன எழுத்து, அ-வா ஆ-வா"னு கேட்டா அவ முகம் எப்படி ஆகும்னு யோசிச்சு பாருங்க. வயசுக்கு வந்த பொண்ணு, கம்பெனில சம்பளம் வாங்கி வீட்டுக்கு குடுத்தவ. பத்திய குடுத்து "இத படிச்சு பாரு கண்ணு"ன்னா அது மரியாதையா இருக்கு. வரலன்னாலும் "சரி விடு, இந்த வார்த்தைங்கள பாரு"னு சாதாரணமா எறங்கிக்கலாம். ஒவ்வொருத்தரா தனியா கூப்பிட்டு பாக்கறதும் இதோட விதிதான். பாடத்த மனப்பாடமா ஒப்பிக்கற பிள்ள, பக்கத்துல இருக்கறவன பாத்து வாயசைக்கற பிள்ள, எல்லாம் இங்க நேரா தெரிஞ்சுரும். நாலு விதமான மாதிரி பேப்பர் இருக்கறதால வெளிய போன பையன் அடுத்தவனுக்கு சொல்லிக்குடுத்தாலும் பிரச்சனை இல்ல.

கணக்கு பேப்பரும் இதே மாதிரிதான். கடன் வாங்கி கழிக்கற ரெண்டு இலக்க கணக்கு ரெண்டு, அதுல இருந்து ஆரம்பம். ரெண்டும் சரின்னா மூணு இலக்க எண்ண ஒரு இலக்க எண்ணால வகுக்கற கணக்கு ஒண்ணு, ஈவு மீதி ரெண்டும் சொல்லணும். கழித்தல் வரலன்னா எண்கள அடையாளம் சொல்றது, மொதல்ல ரெண்டு இலக்கம், அப்புறம் 1 முதல் 9. பெருக்கல் இல்ல, பின்னம் இல்ல, இவ்ளோதான்.

இது எட்டாம் வகுப்பு பையனுக்கு ரொம்ப லேசா இருக்காதானு சில பேர் கேக்கறாங்க. கூப்பிட்டு உக்கார வச்சு பாருங்க, நான் சொல்ல வேண்டியதே இல்ல. ரெண்டு வருஷம் மூணு வருஷம் புக்க தொடாத பிள்ளைக்கு 52ல 37 போச்சுன்னாங்கற கணக்குல 7ல இருந்து 2ஐ கழிச்சு 25னு எழுத தோணுது. இந்த எடம் தெரிஞ்சுதுன்னா அன்னைக்கு சாயங்காலமே வேலைய ஆரம்பிச்சுடலாம், பத்து குச்சிய கட்டா கட்டி வச்சு ஒரு கட்ட பிரிச்சு காட்டுனா போதும். எட்டாம் வகுப்பு பேப்பர்ல 4 மார்க்னு தெரிஞ்சா எங்க இருந்து ஆரம்பிப்பீங்க, சொல்லுங்க?

ஒரே நிலைல இருக்கறவங்கள ஒரு குழுவா உக்கார வச்சு, வயசையும் வகுப்பையும் விட்டுட்டு அந்த நிலைக்கு பாடம் எடுக்கற முறையையும் பிரதம்தான் வளத்துச்சு. வதோதராலயும் மும்பைலயும் பின்தங்கின பிள்ளைங்களுக்கு தனியா ஆள் போட்டு சொல்லிக்குடுத்தத பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் ஆராய்ச்சி பண்ணி பலன் இருக்குனு காட்டினாங்க, அவங்களுக்கும் மைக்கேல் கிரெமருக்கும் 2019ல பொருளாதார நோபல் குடுத்தப்ப சொன்ன வேலைகள்ல இந்த மாதிரி கல்வி ஆராய்ச்சியும் உண்டு. நம்ம தமிழ்நாடு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல பிள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையா பிரிக்கறதும் கிட்டத்தட்ட இதே யோசனைதான், 2022 ஜூன்ல ஆரம்பிச்சாங்க. ஆனா அது தொடக்கப்பள்ளி பிள்ளைங்களுக்கு. எங்ககிட்ட வர்றவன் எட்டாவதுல இருக்கான், அவன் கைல அரும்பு புக்க குடுத்தா தம்பி புக்குனு தூக்கி போட்டுருவான். அசர் பேப்பர்ல பூ படம், பொம்ம எதுவும் இல்லாம வெறும் எழுத்தா இருக்கறது இந்த வயசு பசங்களுக்கு ஒரு விதத்துல நல்லதா போச்சு.

இனி குறைங்க. இது ரிவ்யூங்கறதால அதயும் முழுசா சொல்லணும்.

மொத குறை தமிழ் எழுத்து. நமக்கு 247 எழுத்து, அதுல 216 உயிர்மெய். பேப்பர்ல இருக்கற கொஞ்சம் எழுத்த சொல்லிட்டா எழுத்து நிலை தாண்டியாச்சுனு ஆயிடுது. ஆனா திரும்பி வர்ற பசங்க பெரும்பாலும் மாட்டிக்கறது க, ப, ம-ல இல்ல. ஒத்தக்கொம்பு ரெட்டக்கொம்பு வித்தியாசத்துல, கொ கோ கௌ-ல, ஐகாரத்துல, அப்புறம் கு, சு, மு, ரு, து-னு ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி வால் வரும் பாருங்க அந்த உகர வரிசைல. அ-வரிசை நல்லா சொல்றவன் "துணி"ங்கற வார்த்தைல நின்னுருவான். ஷீட்டுல அவன் எழுத்து நிலைனு மட்டும்தான் வரும், எந்த எழுத்துனு வராது. அதனால எழுத்து நிலையிலயோ வார்த்தை நிலையிலயோ நிக்கற பிள்ளைக்கு நாங்க தனியா ஒரு உயிர்மெய் கட்டம் போட்டு வச்சிருக்கோம், மேல உயிர் பன்னெண்டு, பக்கவாட்டுல மெய் பதினெட்டு. தெரிஞ்ச கட்டத்துல எல்லாம் பென்சில் டிக். வாராவாரம் டிக் ஏறுறது அந்த பிள்ளைக்கே தெரியுது. ர-ற, ல-ள-ழ, ந-ன-ண உச்சரிப்ப மட்டும் இந்த கட்டத்துல கணக்கு பாக்காதீங்க, இந்த பிள்ளைங்களுக்கு இப்போதைக்கு அது முக்கியம் இல்ல.

ரெண்டாவது, கதைய கடகடனு படிச்சுட்டா உச்ச நிலை வந்துருச்சுனு முடிஞ்சுருது, படிச்சது புரிஞ்சுதாங்கறதுக்கு அந்த அடிப்படை பேப்பர்ல வழி இல்ல. நாங்க கதை முடிஞ்சதும் பேப்பர திருப்பி வச்சுட்டு "என்ன நடந்துச்சு, உன் பேச்சுல சொல்லு"ன்னு கேக்கறோம். சரளமா படிச்சுட்டு ஒண்ணுமே சொல்ல தெரியாத பிள்ளைங்க இருக்காங்க, தப்பு தப்பா படிச்சாலும் கதைய அழகா சொல்ற பிள்ளைங்களும் இருக்காங்க, ரெண்டு பேருக்கும் வேண்டிய உதவி வேற வேற.

மூணாவது, வாசிப்புல உச்சவரம்பே ரெண்டாம் வகுப்புதான். அடிப்படை இருக்கா இல்லையானு பாக்கற டெஸ்ட்தான் இதுனு செஞ்சவங்களே தெளிவா சொல்லியிருக்காங்க, அதுக்கு மேல எதிர்பாத்தா தப்பு நம்ம மேல. கதை நிலைக்கு வந்த பையன் எட்டாம் வகுப்பு அறிவியல் புக்க படிச்சுருவானா? மாட்டான். நடுவுல பெரிய பள்ளம் இருக்கு. அந்த பள்ளத்துக்கு நாங்க யூஸ் பண்றது வாசிப்பு இயக்கம் புக்குங்க, 2023ல பள்ளிக்கல்வித்துறை கொண்டுவந்த குட்டி குட்டி கதை புத்தகங்க, நுழை, நட, ஓடு, பறனு நாலு படி. அருமையான புக்குங்க, உண்மையா சொல்றேன், பெரிய பசங்களும் கூச்சப்படாம எடுக்கறாங்க. அசர்ல கதை நிலை தொட்டவன் இங்க எந்த படில வசதியா படிக்கறானு பாத்தா அடுத்த அளவுகோல் கெடச்சாச்சு. அதுக்கப்புறம் நாலாம் வகுப்பு, அஞ்சாம் வகுப்பு பாடப்புத்தகத்துல அவன் பாக்காத ஒரு பக்கம்.

நாலாவது விஷயம் கணக்குல, இது குறைங்கறத விட தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய விஷயம். வேலைக்கு போயிட்டு வந்த பசங்களுக்கு மனக்கணக்கு பிரமாதமா வரும். டீக்கடைல நின்ன பையன்கிட்ட "நாலு டீ, ரெண்டு வட, இருநூறு ரூவா நோட்டு குடுக்கறேன், மீதி எவ்ளோ"ன்னு கேட்டா நாம முடிக்கறதுக்குள்ள சொல்லிருவான், அவனே பேப்பர்ல கழித்தல் கணக்குல தடுமாறுவான். கொல்கத்தாலயும் டெல்லிலயும் சந்தைல வேலை பாக்கற பிள்ளைங்கள வச்சு பானர்ஜி, டுஃப்லோ எல்லாம் சேந்து பண்ண ஆராய்ச்சி 2025ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல வந்துச்சு, அதுலயும் இதயேதான் சொல்றாங்க, கடைல கஷ்டமான கணக்க மனசுல போடற பிள்ளைங்க அதே மாதிரி கணக்க ஸ்கூல் வடிவத்துல குடுத்தா போட முடியல, ஸ்கூல்ல மட்டும் படிக்கற பிள்ளைங்களுக்கு கடை கணக்கு வரல. அதனால அசர் கணக்கு ஷீட்ட மட்டும் பாத்து "இவனுக்கு கழித்தலே தெரியல"னு எழுதிராதீங்க. பக்கத்துலயே வாய்க்கணக்குனு ஒரு கட்டம் போட்டு அதயும் எழுதுங்க. அவனுக்கு இருக்கற தெறமைய எழுதி வச்சாதான் அதுல இருந்து பேப்பர் கணக்குக்கு பாலம் போட முடியும், அவனுக்கும் தனக்கு ஒண்ணும் தெரியாதுங்கற நெனப்பு போகும். நெனப்பு போறதுதான் பாதி வேலை.

திருப்பூர்ங்கறதால இன்னொண்ணு. இங்க ஒடிசா, பீகார், வங்காளத்துல இருந்து வந்த குடும்பங்க நிறைய. அந்த பிள்ளைங்கள தமிழ் ஷீட்ல பாத்துட்டு பூஜ்யம்னு எழுதறது பெரிய அநியாயம். ஒடியாலயும் இந்திலயும் வங்காளத்துலயும் அதே ஷீட் இருக்கு, அத இறக்கி வச்சுக்கோங்க. அந்த மொழி தெரிஞ்ச பெரியவங்க யாராவது, அதே லைன் வீட்ல இருக்கற ஒரு அக்காவோ அண்ணனோ பக்கத்துல உக்காந்தா போதும். சொந்த மொழில கதை நிலைல இருக்கற பிள்ளைக்கு தமிழ் எழுத்து புடிபடற வேகமே வேற, அவங்கள எழுத்தே தெரியாத பிள்ளைங்களோட ஒரே குழுல போட்டுறாதீங்க.

இத வேற எதோட ஒப்பிட்டு பாத்தேன்னும் சொல்லணும்ல. காசு கட்டி வாங்கற ஒரு மொபைல் ஆப் (பேர் வேண்டாம்) லெவல் டெஸ்ட்னு ஒண்ணு வச்சிருக்கு, நாலு பதில்ல ஒண்ண தொடணும். எழுத்துக்கூட்டவே கஷ்டப்படற ஒரு பையன் அதுல டக் டக்குனு தொட்டான், மூணாம் வகுப்பு நிலைனு நட்சத்திரம் எல்லாம் பறந்துச்சு. அவன் கேள்வியவே படிக்கல, குத்துமதிப்பா தொட்டதுதான். அடுத்த வாரம் ரெண்டு வகுப்பு எறங்கிட்டான்னு அதே ஆப் காட்டுச்சு, பையன் அழுதுட்டான். வாசிக்க தெரியாத பிள்ளைய வாசிச்சு பதில் சொல்லுனு டெஸ்ட் வைக்கறது எந்த ஊர் நியாயம்னு எனக்கு தெரியல. வாய்விட்டு படிக்க சொல்லி பக்கத்துல உக்காந்து கேக்கற ஒரு மனுஷ காதுக்கு பதிலா எந்த ஆப்பும் வராது, அந்த சந்தாவ நாங்க புதுப்பிக்கல.

எத்தன நாளைக்கு ஒரு தடவ பாக்கணும்னு கேக்கறாங்க. மொத நாள் வேண்டவே வேண்டாம், பிள்ள பழகட்டும், ஒரு வாரம் விளையாடட்டும், பேசட்டும். அப்புறம் ஒண்ணு, அதுக்கப்புறம் ஒன்றரை மாசம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ போதும். வாராவாரம் வச்சா அதுவும் பரீட்சை பயம் ஆயிரும், பேப்பரும் மனப்பாடம் ஆயிரும். கல்வி உரிமை சட்டத்துக்கு மத்திய அரசு போட்ட மாதிரி விதிகள்ல சிறப்பு பயிற்சி கொறஞ்சது மூணு மாசம், அப்பப்ப கற்றல பாத்து அதிகபட்சம் ரெண்டு வருஷம் வரைக்கும் நீட்டிக்கலாம்னு இருக்கு, வகுப்புக்கு போனப்புறமும் ஆசிரியர் தனி கவனம் குடுக்கணும்னும் இருக்கு. அந்த "அப்பப்ப பாத்து"ங்கறத செய்யறதுக்கு கைல ஏதாவது வேணும்ல, அதுக்கு இது கச்சிதமா பொருந்துது. பிள்ளைய மூணு மாசத்துல முடிச்சு விட்டாச்சுனு கணக்கு காட்டறாங்கன்னா, பெத்தவங்க இந்த விதிய சொல்லி இன்னும் கொஞ்ச நாள் வேணும்னு கேக்கலாம். வட்டார வள மையத்துல (உங்க வட்டாரத்துல இருக்கற பள்ளிக்கல்வித்துறை மையம்) ஆசிரியர் பயிற்றுநர்கள்கிட்ட பேசுங்க, எமிஸ்ல, அதான் துறையோட ஆன்லைன் மாணவர் பதிவேட்டுல, பேர் எங்க நிக்குதுங்கறதயும் அவங்ககிட்டயே கேளுங்க.

பதிவு எப்படி வைக்கறதுங்கறது ஷீட்ட விட முக்கியம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாப்பது பக்க நோட்டு, தேதி, வாசிப்பு நிலை, கணக்கு நிலை, வாய்க்கணக்கு, அந்த மாசம் எத்தன நாள் வந்தாங்க, ஒரு வரி குறிப்பு. அங்கன்வாடில குழந்தைக்கு எடை போட்டு போன மாசத்தோட சேத்து பாப்பாங்கல்ல, அதே மாதிரிதான், பக்கத்து குழந்தையோட ஒப்பிடறதில்ல, இதே குழந்த போன தடவ எங்க இருந்துச்சுங்கறதுதான் கேள்வி. வருகைய சேத்து எழுதறது ஏன்னா, தீபாவளி ஆர்டர் சீசன்ல பிள்ளைங்க மறுபடி கம்பெனிக்கு இழுத்துட்டு போகப்படுவாங்க, அப்ப நிலை நின்னுபோறது படிப்பு வராததால இல்ல, பிள்ள வகுப்புக்கு வராததால. நோட்ட பாத்தா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தெரியும், அப்பா அம்மாகிட்ட பேசறதுக்கும் அதுதான் கைல ஆதாரம்.

வீட்ல கேட்டுட்டு, பிள்ளைகிட்டயும் கேட்டுட்டு, வாசிக்கறத போன்ல ரெக்கார்ட் பண்ணி வைக்கறோம். பழைய ரெக்கார்டையும் புதுசையும் அடுத்தடுத்து போட்டா எழுத படிக்க தெரியாத அம்மாவுக்கும் வித்தியாசம் காதுல கேக்கும். நிலை, சதவீதம் எதுவும் வெளக்க வேண்டாம். "ஏனுங்க மிஸ், இது நெசமா என்ற பிள்ளைதானுங்களா"ன்னு கேட்ட அம்மா அடுத்த நாளுல இருந்து பொண்ண ஓவர்டைமுக்கு அனுப்பறத நிறுத்திட்டாங்க. எந்த மார்க் ஷீட்டும் அந்த வீட்ல இத செஞ்சிருக்காது. வேற யாருக்கும் அத அனுப்பாதீங்க, ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, அது அந்த பிள்ளையோடது.

பதினஞ்சு பதினாறு வயசு பசங்களுக்கு இந்த அடிப்படை ஷீட் சீக்கிரம் பத்தாம போயிரும். அவங்களுக்கு அசர்காரங்களே 2017லயும் 2023லயும் பதினாலுல இருந்து பதினெட்டு வயசுக்காரங்கள வச்சு தனியா சர்வே பண்ணாங்க, 2023ல தமிழ்நாட்டுல பெரம்பலூர் மாவட்டத்துல. அதுல கேட்ட விஷயங்க ரொம்ப நல்லா இருக்கும். ஓஆர்எஸ் பாக்கெட் மேல இருக்கறத படிச்சு எவ்ளோ தண்ணில கலக்கணும்னு சொல்றது, தூங்கின நேரமும் எந்திரிச்ச நேரமும் குடுத்து எத்தன மணி நேரம்னு கேக்கறது, சைபர்ல ஆரம்பிக்காம வேற எடத்துல வச்ச பொருளோட நீளத்த ஸ்கேல்ல பாத்து சொல்றது, தள்ளுபடி போக விலை எவ்ளோ, கடனுக்கு எவ்ளோ திருப்பி கட்டணும். பெரிய பசங்க இதுக்கு ஆர்வமா உக்காருவாங்க, ஏன்னா இது அவங்க வாழ்க்கைல இருக்கற விஷயம். வகுத்தல் வரைக்கும் வந்த பிள்ளைங்களுக்கு நாங்க இதே மாதிரி கேள்விங்கள உள்ளூர் கடை நோட்டீஸ், சம்பள கவர், பஸ் டைம்னு மாத்தி யூஸ் பண்றோம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்த ஷீட் சர்டிபிகேட் கிடையாது, இத காட்டி எங்கயும் சேர முடியாது. ஸ்கூலுக்கு போகவே முடியாத நிலைமைல இருக்கற பெரிய பிள்ளைக்கு பேப்பர்ல ஒரு அடையாளம் வேணும்னா, அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கு நடத்தற எட்டாம் வகுப்பு பொதுத்தேர்வு இருக்கு, பன்னெண்டரை வயசு முடிஞ்சிருக்கணும். இல்லன்னா தேசிய திறந்தநிலை பள்ளில பத்தாவது, பதினாலு வயசு முடிஞ்சிருக்கணும், அஞ்சு வருஷம் வரைக்கும் டைம், பாஸ் பண்ண பாடம் அப்படியே நிக்கும், மிச்சத்த அடுத்தடுத்த தடவ எழுதிக்கலாம். வேலைக்கு போயிட்டே படிக்கறவங்களுக்கு ஒவ்வொரு பாடமா முடிக்கற அந்த முறை தோதா இருக்கும். ஆனா கதை நிலைக்கு வராத பிள்ளைக்கு ஃபீஸ் கட்டி ஃபாரம் போடாதீங்க, மொதல்ல வாசிப்பு.

யாருக்கு இது வேண்டாம்னா, நல்லா படிச்சுட்டு இருந்து உடம்பு முடியாம ஒரு வருஷம் மட்டும் நின்ன பிள்ளைக்கு இது தேவையே இல்ல, அவங்களுக்கு விட்டுப்போன பாடத்த லிஸ்ட் போட்டு முடிக்கறதுதான் வேலை. வாசிக்கறதுல மட்டும் விடாம கஷ்டப்படற, மத்த எல்லாத்துலயும் சூட்டிகையா இருக்கற பிள்ள மாசக்கணக்கா ஒரே நிலைல நின்னா ஷீட்ட மறுபடி மறுபடி வைக்காதீங்க, கண்ணு, காது டெஸ்ட் மொதல்ல, அப்புறம் கற்றல் குறைபாடு பாக்கற சிறப்பு ஆசிரியர். வட்டார வள மையத்துலயே சிறப்பு பயிற்றுநர் இருப்பாங்க, அங்க கூட்டிட்டு போங்க.

என் ரேட்டிங் கேட்டா, திரும்பி வர்ற பிள்ளைய மொத ஒரு வருஷம் புரிஞ்சுக்கறதுக்கு அஞ்சுக்கு நாலரை, அதுக்கு மேல போனா ரெண்டு. பிரிண்ட் எடுக்கறவங்க கவனிக்க வேண்டியது, எழுத்து பெருசா தெரியற மாதிரி முழு ஏ4ல எடுங்க, ஒரு பக்கத்துல ரெண்டு வச்சு சுருக்காதீங்க, நாலு மாதிரியையும் எடுத்து லேமினேட் பண்ணிட்டா வருஷக்கணக்கா வரும். கணக்குக்கு லேமினேட் மேல எழுத வைக்காதீங்க, தனி பேப்பர் குடுங்க, பிள்ள எந்த எடத்துல தப்பு பண்ணுச்சுங்கறது அந்த பேப்பர்லதான் இருக்கும், அத தேதி போட்டு நோட்டுலயே ஒட்டி வச்சுருங்க. உயிர்மெய் கட்டமும் நோட்டு மாதிரியும் வேணும்னா கேளுங்க, அனுப்பறேன்.